குடிகாரரைத் தேடிய குடிகாரர்!

அமெரிக்காவில் ஒரு சிற்றூர். பெயர் ஈஸ்ட் டார்செட். சலவைக்கல் வெட்டுகிற மலைப்பக்கத்து ஊர். அங்கே ஒரு விடுதி. விடுதியில் மது அருந்தும் கூடம். அந்தக் கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில், 1895-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

பிறந்ததே மதுக்கடைக்குப் பின்னால்! அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் லட்சக்கணக்கான குடிகாரர்கள் மீண்டு வர வழி காட்டிய பில் வில்சன்.

இன்று அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ குடியை விட நினைக்கும் ஒருவர், தம்மைப் போல நாலு பேர் கூடும் இடம் எங்கே என்று விசாரிக்கிறார் அல்லவா? அப்படி ஓர் இடம் உண்டாகக் காரணமாக இருந்தவர் இவர். இவர் டாக்டர் அல்ல. பாதிரியாரும் அல்ல. பெருங்குடிகாரர்.

வளரி செய்த சிறுவன்

பில்லின் தகப்பனார் குடிப்பவர். தாயார் கண்டிப்பானவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பில்லுக்குப் பத்து வயது இருக்கும்போது தகப்பனார் வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயாரும் மருத்துவம் படிக்க பாஸ்டன் நகருக்குப் போனார். பில்லும் அவன் தங்கை டாரதியும் தாய்வழித் தாத்தா வீட்டில் விடப்பட்டார்கள்.

ஒருநாள் தாத்தா பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். எறிந்தால் திரும்பி வரும் தடியை ஆஸ்திரேலியாக்காரர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்றார். நம் சிவகங்கைச் சீமையின் வளரி போன்ற ஆயுதம் அது.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாடப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டான். மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கினான். கடைசியில் தன் கட்டிலின் தலைப்பலகையையே அறுத்து ஒரு தடி செய்தான். எறிந்தான். திரும்பி வந்தது!

நினைத்ததை முடிக்கும் இந்தப் பிடிவாதம் பில்லுக்கு ஆயுள் முழுவதும் இருந்தது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது செல்லவில்லை. குடியை விடவேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம் ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

முதல் கோப்பை

குடும்பத்தில் குடி இருந்ததால், 21 வயது வரை பில் மதுவைத் தொட்டதில்லை. தொடப் பயம்.

1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. பில் பீரங்கிப் படையில் இளம் அதிகாரி. படை தங்கியிருந்த ஊரில் பணக்காரர்கள் விருந்து கொடுத்தார்கள். பில் கூச்ச சுபாவம் உள்ளவர். நாலு பேர் நடுவில் நிற்கவே கை கால் உதறும். யாரோ ஒரு கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். குடித்தார்.

கூச்சம் பறந்தது! எல்லோரும் தம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவும், தாமே சபைக்கு நாயகர் போலவும் தோன்றியது. அன்று முதல் அவருக்கு ஒரு கோப்பை என்பது கிடையாது. தொட்டால் தலை கவிழும் வரைதான்.

1918 ஜனவரி 24-ந் தேதி பில்லுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணின் பெயர் லோயிஸ். டாக்டர் வீட்டுப் பெண். படித்தவர், கெட்டிக்காரர். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் பாதிப் பெருமை இந்த அம்மாளுக்கே சேரும்.

கல்யாணமான சில மாதங்களில் பில் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்துப் பெரிய தேவாலயத்தைப் பார்க்கப் போனார். வெளியே ஒரு பழைய கல்லறை. குடியால் மாண்ட ஒரு சிப்பாயின் கல்லறை அது. 1764-ல் இறந்தவன். கல்லில் எழுதியிருந்ததைப் பில் நின்று படித்தார். மனசில் வாங்காமல் போனார்.

பைபிளில் சத்தியம்

யுத்தம் முடிந்தது. பில் நியூயார்க்கில் குடியேறினார். இரவில் சட்டம் படித்தார். பட்டத்தை வாங்கப் போகவேண்டிய சமயத்தில் போதையில் கிடந்தார். பட்டம் வாங்கவே இல்லை.

பிறகு பங்கு மார்க்கெட்டில் நுழைந்தார். அங்கே மூளை நன்றாக வேலை செய்தது. கம்பெனியின் பங்கை வாங்குகிறவர்கள், அந்தக் கம்பெனி எப்படி நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பதில்லை. பில் பார்த்தார். 1925-ல் ஒரு மோட்டார் சைக்கிள், பக்கத்துத் தொட்டியில் மனைவி, கூடாரம், போர்வை! ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைகளை விசாரித்து வந்தார். லோயிஸ் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததற்கு வேறு காரணம் இருந்தது. நகரத்தையும் நகரத்து நண்பர்களையும் விட்டு வெளியே வந்தால் கணவர் குடியை மறப்பார் என்று நினைத்தார்.

பணம் கொட்டியது. குடியும் கூடியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமுலில் இருந்தது. பில் மிக மோசமாகக் குடித்த காலம் அதுதான். திருட்டு மதுவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. நம் பக்கத்தில் ராஜாஜி 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இன்று சர்க்காரின் டாஸ்மாக் கடையே மது விற்கிறது. கடை இருக்கலாமா கூடாதா என்பது பெரிய வழக்கு. அது ஒரு பக்கம் நடக்கட்டும். கை நடுங்கும் மனிதனின் வழக்கு வேறு.

குடிக்கமாட்டேன் என்று பில் குடும்ப பைபிளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை. எழுதும்போது அவர் பொய் சொல்லவில்லை. மெய்யாகவே விட நினைத்துத்தான் எழுதினார். நம் ஊரில் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களும் அப்படித்தான். சத்தியம் செய்கிற நேரத்தில் மனசு சுத்தமாகத்தான் இருக்கிறது.

1929-ல் பங்கு மார்க்கெட் இடிந்து விழுந்தது. பில்லின் சொத்தும் போயிற்று. மாமனார் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டார். லோயிஸ் ஒரு பெரிய துணிக்கடையில் வேலைக்குப் போனார். அவர் கைப்பையில் இருந்த சில்லறையை எடுத்துப் பில் குடித்தார். ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவோமோ என்ற பயத்தில், படுக்கையைக் கீழ்மாடிக்கு இழுத்துப் போட்டுப் படுத்த இரவுகளும் உண்டு.

டாக்டர் சொன்ன தீர்ப்பு

நியூயார்க்கில் குடிகாரர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் டாக்டர் சில்க்வொர்த். நரைத்த தலை, அன்பான மனிதர். குடிவெறி என்பது குணக்கேடு அல்ல, வியாதி என்று அவர் நம்பினார். சிலருடைய உடம்பு மதுவை ஒப்புக்கொள்வதில்லை, ஒரு சொட்டு போனாலும் இன்னும் கேட்கிறது, அவர்களுடைய மனமோ அந்த முதல் சொட்டை மறக்கமாட்டேன் என்கிறது என்று விளக்கினார்.

1933, 1934 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பில் அந்த ஆஸ்பத்திரியில் நாலு தடவை சேர்க்கப்பட்டார். 1934 கோடையில் டாக்டர் லோயிஸை அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டார். இவரை அடைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி கலங்கும், அல்லது சாவு வரும் என்றார்.

அந்த ஆண்டு நவம்பர் மாதம். பில் வீட்டில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார். பழைய பள்ளித் தோழர் எபி தாச்சர் வந்தார். எபியும் பேர்போன குடிகாரர். பில் ஒரு கோப்பையை ஊற்றி அவர் பக்கம் தள்ளினார். எபி தொடவில்லை!

ஒரு கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்து, செய்த தவறுகளை ஒப்புக்கொண்டு, கடவுளிடம் தம்மை விட்டுவிட்டதாக எபி சொன்னார். கடவுள் பேச்சு பில்லுக்குப் பிடிக்காது. ஆனால் சொல்வது யார்? தம்மைவிட மோசமாகக் கிடந்தவர். பாதிரியார் சொல்லியிருந்தால் பில் எழுந்து போயிருப்பார். எபியை அப்படித் தள்ள முடியவில்லை.

டிசம்பர் 11-ந் தேதி பில் கடைசி முறையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே ஒருநாள் மனம் உடைந்து அழுதபோது, அறை முழுவதும் ஒளி நிறைந்தது போலவும், மலை உச்சியில் நிற்பது போலவும் அவருக்குத் தோன்றியது. மருந்தின் வேலை என்பவர்களும் உண்டு. எதுவாயினும் சரி, அதன்பின் பில் வில்சன் குடிக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

பத்து டாலர்

வெளியே வந்த பில்லுக்கு ஓர் ஆவேசம். கண்ட குடிகாரரை எல்லாம் பிடித்து உபதேசம் செய்தார். வீட்டுக்கே அழைத்து வந்து சோறு போட்டார். ஆறு மாதம் ஆயிற்று. ஒருவர்கூடத் திருந்தவில்லை!

மனம் சோர்ந்து லோயிஸிடம் சொன்னார். லோயிஸ் அம்மாள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். மற்றவர்கள் திருந்தாவிட்டாலும், இந்த ஆறு மாதமும் நீங்கள் குடிக்கவில்லையே என்றார்.

1935 மே மாதம் ஒரு வியாபார விஷயமாகப் பில் அக்ரன் நகருக்குப் போனார். அக்ரன், டயர் செய்யும் ஊர். நம் அம்பத்தூரில் ஒரு காலத்தில் டன்லப் டயர் தொழிற்சாலை இருந்ததே, அதுபோல் அங்கே தெருவுக்குத் தெரு ரப்பர் வாசனை. போன காரியம் தோற்றது. கூட வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பில் தனியாக நின்றார். பையில் சுமார் பத்து டாலர்தான்.

மே 11. சனிக்கிழமை. ஓட்டல் கூடத்தில் பில் இங்கும் அங்கும் நடந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம். சிரிப்பும் கும்மாளமும் கேட்டது. உள்ளே போய் ஒரு சோடா குடிக்கலாமே என்று மனம் இழுத்தது. சோடாவில் தொடங்கினால் எதில் முடியும் என்று அவருக்குத் தெரியும். உடம்பு நடுங்கியது.

கூடத்தின் மறுகோடியில் ஒரு டெலிபோன். பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல்.

பில் டெலிபோனை எடுத்தார். முன்பின் தெரியாத ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். தாம் குடியை விட்ட ஒரு குடிகாரர் என்றும், மறுபடி குடிக்காமல் இருக்க இன்னொரு குடிகாரரோடு பேசவேண்டும் என்றும் சொன்னார். கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அந்தப் பாதிரியார் பத்துப் பேருடைய பெயரைக் கொடுத்தார். பில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் வீட்டில் இல்லை. ஒருவருக்கு நேரமில்லை. கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மாள் கிடைத்தார். குட்இயர் டயர் கம்பெனியை நிறுவியவருடைய மருமகள் அவர். தமக்குத் தெரிந்த ஒரு டாக்டர் குடியால் அழிந்துகொண்டிருக்கிறார், உடனே வாருங்கள் என்றார்.

அந்த டாக்டரின் பெயர் பாப் ஸ்மித். ஆபரேஷன் செய்யும் டாக்டர். அன்று அவரால் வர முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூச்செடி வாங்கி வந்தவர், போதையில் மேஜைக்கு அடியிலேயே கிடந்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வந்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது இரவு பதினொன்றே கால்!

பில் அன்று உபதேசம் செய்யவில்லை. முதலில் வியாதியைப் பற்றிப் பேசு, பிறகு மற்றதைப் பேசு என்று சில்க்வொர்த் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே தம் கதையை மட்டும் சொன்னார். திருடியதை, பொய் சொன்னதை, நடுங்கியதை எல்லாம் சொன்னார். டாக்டர் பாப் அதற்கு முன் எத்தனையோ பேரிடம் புத்திமதி கேட்டவர். தம் வியாதியை உள்ளே இருந்து அறிந்த ஒருவர் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசிக் கோப்பை

கதை உடனே சுபமாக முடிந்துவிடவில்லை. சில வாரம் கழித்து டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். ரயில் ஏறியதுமே குடிக்கத் தொடங்கி, பல நாள் கழித்து நினைவில்லாமல் வந்து சேர்ந்தார்.

ஜூன் 10-ந் தேதி அவர் ஓர் ஆபரேஷன் செய்யவேண்டும். கை நடுங்கியது. நடுக்கம் அடங்குவதற்காகப் பில்லே ஒரு பாட்டில் பீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய் விட்டார். ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் மட்டும் வீடு திரும்பவில்லை. மணிக்கணக்காகக் காணோம். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று வீட்டில் தவித்தார்கள்.

இரவு வந்தார். குடித்திருக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள், தம்மால் மனம் நொந்தவர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். காலையில் குடித்த அந்தப் பீர்தான் அவருடைய கடைசிக் கோப்பை. 1950-ல் இறக்கும் வரை தொடவில்லை.

ஜூன் 10-ஐத்தான் சங்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். சங்கத்தின் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயரைச் சொல்லிக்கொள்ளாத குடிகாரர்கள் என்று அர்த்தம். சுருக்கமாக ஏ.ஏ.

இருவரும் ஆஸ்பத்திரியில் மூன்றாவது ஆளைத் தேடினார்கள். நர்சுகளை அடித்துவிட்டுக் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த ஒரு வக்கீல் கிடைத்தார். அவரும் எழுந்து நடந்தார். இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடி, நாலு வருஷத்தில் சுமார் நூறு பேர் ஆனார்கள். 1939-ல் புத்தகம் வந்தது. பன்னிரண்டு படிகள் அதில் இருந்தன. கடவுள் என்ற சொல்லுக்குச் சிலர் ஆட்சேபம் சொன்னதால், அவரவர் புரிந்துகொண்டபடி என்று சேர்த்தார்கள்.

பணம் வேண்டாம்

1936-ல் ஒரு சோதனை வந்தது. பில் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் முதலாளி, சம்பளத்தோடு வேலையும் லாபத்தில் பங்கும் தருவதாகச் சொன்னார். லோயிஸ் அப்போதும் கடையில் நின்று சம்பாதித்துக்கொண்டிருந்தார். பில் துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தார். அன்று கூட்ட நாள். வந்திருந்த பழைய குடிகாரர்களிடம் சொன்னார். அவர்கள் முகம் மாறியது. காசுக்காகச் செய்தால் உங்கள் பேச்சு எங்களுக்கு மருந்தாக இராது என்றார்கள். பில் அந்த வேலையை விட்டுவிட்டார்.

கோடீசுவரர் ராக்பெல்லரிடம் உதவி கேட்டபோதும் இதுதான் நடந்தது. பெரும் தொகையை எதிர்பார்த்தார்கள். பணம் இந்த வேலையைக் கெடுத்துவிடும் என்று கருதிய அவர் 5,000 டாலர் மட்டும் ஒதுக்கினார். 1939-ல் மாமனார் வீடும் ஏலத்துக்குப் போய்விட்டது. பில்லும் லோயிஸும் இரண்டு வருஷம் நண்பர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள். ஐம்பது தடவைக்கு மேல் மூட்டை கட்டினார்கள்!

1951-ல் லோயிஸ் அம்மாள், குடிப்பவர்களுடைய குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கினார். குடிக்கிறவர் ஒருவர், படுகிறவர் வீடு முழுவதும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

யேல் சர்வகலாசாலை கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தது. பில் மறுத்தார். வெளியுலகுக்கு அவர் வெறும் பில் டபிள்யூ.தான். மகான் என்று அவரைச் சொல்ல முடியாது. பல வருஷம் மனச்சோர்வால் வாடினார். சிகரெட்டை விட முடியாமல் நுரையீரல் கெட்டது.

நம் பக்கத்தில்

1950-களின் பிற்பகுதியில் ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் 1980-ல், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஷிப்டு முடிந்து தொழிற்பேட்டையிலிருந்து வருகிறவருக்கு அடையாறு தூரம்தான். கூட்டமோ வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நாலு நாளாவது போக முடியும். எப்படித் தேடுவது? சர்க்காரின் 104 எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள இந்திய சர்க்காரின் இலவச எண் 14446. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். தேவாலயத்தில் கேட்டாலும் விவரம் கிடைக்கலாம். பல ஊர்களில் ஏ.ஏ. கூட்டத்துக்கு அவர்கள் இடம் கொடுப்பது வழக்கம்.

ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று தாமாக நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணில் தெரியலாம். உயிருக்கே ஆபத்து உண்டு. முதலில் டாக்டர், பிறகு கூட்டம். பில்லும் அப்படித்தான் போனார்.

கூட்டத்தில் கட்டணம் இல்லை. பேரேடு இல்லை. முழுப் பெயர் சொல்லவேண்டாம். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். டீச் செலவுக்கும் வாடகைக்கும் அங்கத்தினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்கிறார்கள். இன்று மட்டும் குடிக்காமல் இருப்பது என்பதே அவர்களுடைய கணக்கு. போகிறவர் எல்லோரும் முதல் மாதமே விட்டுவிடுவதில்லை. சறுக்கி விழுந்து மறுபடி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் நாற்காலி போடுகிறார்கள். 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 27 ஆராய்ச்சிகளை 2020-ல் நிபுணர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். குடியை அடியோடு நிறுத்துவதற்கு இந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சில சமயம் மேலானது என்று கண்டார்கள்.

கல்லறை

1970 டிசம்பர். பில் படுத்த படுக்கை. மூச்சுக்கு ஆக்சிஜன். நோயின் மயக்கத்தில் அவர் விஸ்கி கேட்டார் என்று கவனித்துக்கொண்ட நர்சின் குறிப்பில் இருக்கிறது. 36 ஆண்டுகளுக்குப் பிறகு! யாரும் கொடுக்கவில்லை.

1971 ஜனவரி 24-ந் தேதி மயாமி நகரில் காலமானார். அன்று அவருடைய 53-வது கல்யாண நாள். அதன் பிறகுதான் பத்திரிகைகள் அவருடைய முழுப் பெயரை ஊரறியப் போட்டன. லோயிஸ் 1988 வரை, 97 வயது வரை இருந்தார்.

பில் பிறந்த ஈஸ்ட் டார்செட்டில் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கல்லறை. சாதாரணக் கல். பெயர், தேதி, ராணுவத்தில் அவர் வகித்த பதவி. சங்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குடியை விட்டு இத்தனை மாதம், இத்தனை வருஷம் என்று சங்கத்தில் ஒரு சிறு வட்டக் காசு கொடுப்பார்கள். தேடி வருகிறவர்கள் அந்தக் காசைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.